சனிமூலையில் நின்றுபோகும் பிளேடு

புல்வெட்டும் வண்டியில் பிளேடு தானாக நின்றுபோகிறது என்று அவள் வந்து சொன்னபோது நான் ஜெனரேட்டர் அறையில் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம். முந்தின இரண்டு நாளும் விடாத மழை. அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டே, “எஞ்சின் நிக்குதா, பிளேடு நிக்குதா?” என்று கேட்டேன்.

“எஞ்சின் ஓடிட்டுத்தானுங்ணா இருக்குது. பிளேடு மட்டும் நின்னுக்குது. காலுக்கடியில அதிர்றது சட்டுன்னு விட்டுப்போயிருது.”

அவளுக்கு இடது காது கேட்காது. வலது காது பாதி கேட்கும். குமாரபாளையத்தில் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டியதில் போன காது. அதனால் ஒரு இயந்திரம் சரியாக ஓடுகிறதா இல்லையா என்பதை அவள் உள்ளங்காலில் தெரிந்துகொள்வாள். தறிப் பட்டறையை மூடிய பிறகு எங்கள் பள்ளிக்குக் கூட்டுகிற வேலைக்கு வந்தாள். ஒருநாள் நான் புல்வெட்டும் வண்டியை ஓட்டுவதை வேலியோரம் நின்று பார்த்தவள், “நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டு ஏறி உட்கார்ந்தாள். கோடு போட்டாற்போல ஓட்டினாள். அன்றிலிருந்து அது அவள் வண்டி. சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கித் தரச்சொல்லி நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. நானும் மூன்றாம் தடவை எழுதவில்லை.

எங்களுடையது திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு விடுதிப் பள்ளி. நான் அங்கே பராமரிப்பு மெக்கானிக். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் இருந்தேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகாத ஊர் இல்லை. முதுகெலும்பில் தட்டு விலகி இனிமேல் பைப் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபின் ஊரோடு வந்து சேர்ந்தேன். பள்ளியில் மோட்டார், ஜெனரேட்டர், பஸ் பிரேக், குடிதண்ணீர் மெஷின் எல்லாம் என் தலையில். புல்வண்டியும்.

வண்டி பழையது. வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கிளப்பில் கழித்துவிட்டதை எங்கள் தாளாளர் லாரியில் ஏற்றிவந்தார். முன்னால் எஞ்சின், பின்னால் சீட்டு, நடுவயிற்றில் கவிழ்த்த தாம்பாளம்போல ஒரு தகரக் கூடு, அதற்குள் இரண்டு பிளேடு. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு மஞ்சள் குமிழ். குமிழை இழுத்தால் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற காந்தக் கிளட்சுக்குக் கரண்ட் போகும், காந்தம் தட்டைப் பிடிக்கும், பெல்ட் ஓடும், பிளேடு சுற்றும். குமிழை அமுக்கினால் காந்தம் விட்டுவிடும். விட்ட உடனே கிளட்சுக்குள்ளேயே இருக்கிற பிரேக் பிடித்து, ஐந்து வினாடிக்குள் பிளேடு நிற்கவேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

அன்று மத்தியானம் வண்டியை ஷெட்டில் ஏற்றி நிறுத்தினேன். பிளேடு இருக்கிற வண்டியில் கை வைக்கும்முன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுவது என் வழக்கம். அதைக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிபோல மினுங்கியது, ஆனாலும் இழுவை இருந்தது. அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தளரவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது. கிளட்சுக்குப் போகிற சொருகியைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டித் துடைத்து மறுபடி சொருகினேன்.

“எவ்வளவு நேரம் ஓட்டுனா நிக்குது?”

“அரைமணி ஆகுமுங்ணா. செத்த நேரம் நெழல்ல உட்டுட்டு வந்தா மறுபடி புடிச்சுக்குது.”

அங்கேயே எனக்குப் பாதி பிடிபட்டுவிட்டது. குளிர்ந்திருந்தால் பிடிக்கிறது, சூடேறினால் விடுகிறது. கிளட்ச் தேயத்தேயக் காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும். சூடானால் காயிலுக்குள் ஓடுகிற கரண்ட் குறையும். குறைந்த கரண்டால் கூடிப்போன தூரத்தை இழுக்க முடியாது. இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தேன். இருக்கவேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. சுற்றிலும் இருந்த மூன்று நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, மூன்று பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். பிளக் ஒயரை மாட்டி ஓட்டிப் பார்த்தால் குமிழை இழுத்ததும் ‘டக்’ என்று பிடித்தது. அமுக்கியதும் எண்ணினேன். நான்கு எண்ணி முடிப்பதற்குள் பிளேடு நின்றுவிட்டது.

அவள் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் உசுரு வந்திருக்குதுங்ணா” என்றாள்.

மறுநாள் தெற்குப் பாதி முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டினாள். ஒருதடவைகூட நிற்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவள் நடந்து வந்தாள். வண்டி வரவில்லை. வண்டியை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“மறுக்கா நின்னுபோச்சுங்ணா.”

“எத்தனை நேரம் ஓடுச்சு?”

“நேரமெல்லாம் இல்லீங்ணா. சனிமூலையில போனா நிக்குது. அக்கட்ட வந்து குமிழை அமுக்கி இழுத்தா ஓடுது. திரும்ப அங்க போனா திரும்ப நிக்குது. நாலு சுத்து பாத்துட்டேன். நாலு சுத்தும் அதே எடம்.”

எங்கள் பக்கம் வடகிழக்கு மூலையைச் சனிமூலை என்போம். மழை அங்கிருந்துதான் இறங்கும். மைதானத்தின் அந்த மூலையில் இரண்டு வேம்பு நிற்கும். நிழல் இருக்கிற ஒரே இடம் அதுதான். நான் போனபோது வண்டி அதன் ஓரத்தில் நின்றிருந்தது. பள்ளியில் கூட்டுகிற மற்றப் பெண்கள் அதற்குள் முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அதை எடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் வீசினேன். அவள் சிரிக்கவில்லை.

நானே ஏறி ஓட்டினேன். ஐந்து தடவை அந்த இடத்தைக் கடந்தேன். மூன்று தடவை பிளேடு நின்றது, இரண்டு தடவை நிற்கவில்லை. சரியாக எந்த இடம் என்றும் சொல்ல முடியவில்லை. வேம்புக்கு இந்தப் பக்கம் ஒரு இருபதடிக்குள். இயந்திரத்துக்கு இடம் தெரியாது. சூடு தெரியும், கரண்ட் தெரியும், தேய்மானம் தெரியும். இடம் எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். பள்ளியின் அன்றாட நிர்வாகம் அவர் கையில். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல கனத்த உடம்பு. “எறங்குங்க, நான் பாக்கறேன்” என்று ஏறி உட்கார்ந்து ஆறு சுற்றுச் சுற்றினார். ஒருதடவைகூட நிற்கவில்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்குது மெக்கானிக்கு. ஓட்டறவிங்களுக்குத்தான் பயம்” என்று சொல்லி, அவளைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கோ அவர் இறங்கும்போது சீட்டு ‘கிறீச்’ என்று மேலே எழும்பியதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அது அமுங்கியிருக்கும். ஆள் எழுந்தால், அல்லது விழுந்தால், அடுத்த கணமே கிளட்சுக்குப் போகிற கரண்ட் அறுந்து பிளேடு நிற்கும். அறுந்தது அறுந்ததுதான். மறுபடி குமிழை அமுக்கி இழுத்தால்தான் பிடிக்கும். ஓட்டுகிறவர் உயிரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. மேனேஜர் உடம்புக்கு அது அசையவே அசையாது. நானும் ஒல்லிதான், அதனால் எனக்குச் சில தடவை விட்டது. அவள் எடை நாற்பத்திரண்டு கிலோ. ஒரு சின்னக் குலுக்கலில் அவள் ஒரு விரற்கடை மேலே எழும்பினாலும் போதும், ஸ்விட்ச் விட்டுவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு சிமெண்ட் சாக்கில் பாதி மணல் போட்டு சீட்டில் வைத்து, அதன்மேல் அவளை உட்காரச் சொன்னேன். மூன்று சுற்று. நிற்கவில்லை.

“பாத்தியா அம்மிணி, பேயுமில்லை பிசாசுமில்லை. உன்ற எடைதான் பத்தலை.”

அவள் சாக்கின் மேலிருந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்த இடத்துக்கு நடந்து போனாள். குதிகாலால் இரண்டு தடவை குத்தினாள்.

“அது செரீங்ணா. அந்தக் குலுக்கல் இங்க மட்டும் எதுக்கு வருது?”

நானும் போய்ப் பார்த்தேன். புல் மறைத்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடந்தால் தெரிந்தது. ஒரு பெரிய தாம்பாளத்தின் உட்பக்கம்போல லேசான இறக்கம், நடுவில் நாலு விரற்கடை ஆழம் இருக்கும். அதில் முன்சக்கரம் இறங்கி ஏறும்போதுதான் சீட்டு துள்ளுகிறது.

“தொம்முன்னு கேக்குதுங்ணா” என்றாள். கேட்கிறது என்று அவள் சொன்னது காலில் உணர்வதைத்தான்.

இப்போது எழுதும்போது இந்த இடத்தில் என் கை நிற்கிறது. முந்தின மழைத் தண்ணீர் மைதானத்தில் இன்னும் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. பள்ளமாக இருக்கிற அந்த மூலையில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை. நான் இருபத்திரண்டு வருஷம் பூமிக்குள் பைப் இறக்கியவன். தண்ணீர் காணாமல் போகிற இடத்தைப் பார்த்தால் அது எங்கே போகிறது என்று கேட்கவேண்டிய ஆள் அந்தப் பள்ளியில் நான் ஒருவன்தான். எனக்கு அது கண்ணில் பட்டது. மனதிலும் பட்டது. “நாலு லோடு மண்ணு அடிச்சா செரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேனேஜரிடம் மண் கேட்டேன். “சனிக்கிழமை விளையாட்டு விழா. இப்ப மண்ணை அடிச்சா சேறாயிரும். விழா முடியட்டும்” என்றார். பெற்றோர் உட்கார அந்த வேப்பமர நிழலில்தான் பந்தல் போடுவதாக இருந்தது. அதற்குள் அங்கே புல்லை ஒட்ட வெட்டியாக வேண்டும். சீட்டு ஸ்விட்சுக்கும் பள்ளத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அந்த ஸ்விட்ச் இல்லீன்னா பிளேடு நிக்காதுங்களா?”

“நிக்காதுங்க.”

“அப்ப ஒயரைச் சேத்து உட்டுருங்க. புது ஸ்விட்ச் வரட்டும், அப்பறம் மாட்டிக்கலாம்.”

கடினமான ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சை மாற்றி, இலேசான உடம்புக்கு ஏற்றதாகப் போடலாம் என்று நான்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அது வர இரண்டு வாரம் ஆகும். மணல் சாக்கோடு ஓட்டச் சொல்லலாம்தான். ஆனால் சாக்கு சீட்டில் இருந்தால் அவள் விழுந்தாலும் ஸ்விட்ச் அமுங்கியே கிடக்கும். ஒயரைச் சேர்ப்பதும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியாது என்று சொல்வதைவிட இப்படிச் சொல்லிக்கொள்வது எளிதாக இருந்தது.

புதன்கிழமை பொழுது சாய ஷெட்டில் வைத்து அந்த வேலையைச் செய்தேன். சீட்டைத் தூக்கி நிறுத்தி, ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு ஒயரையும் வெட்டி, தோலுரித்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினேன். சீட்டடியில் இருட்டாக இருந்ததால் அவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே நான் எறங்குனா பிளேடு தானா நிக்காதுங்களாண்ணா?”

“நிக்காது. குமிழை அமுக்கிட்டுத்தான் எறங்கோணும். மறக்கக்கூடாது.”

“விழுந்துட்டா?”

“நீ எதுக்கு விழற?”

டார்ச்சு வெளிச்சம் ஒரு கணம் ஆடியது. பிறகு நேராக நின்றது.

வியாழக்கிழமை காலை எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை எடுக்கும்முன் அந்த டேப்பைப் பிரித்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். வந்தவுடன் விடுதியில் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். முந்நூறு பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறார்கள். அதைப் பார்க்கப் போனேன். மோட்டாரை முடித்துவிட்டு வெளியே வரும்போது மைதானத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒரே சீராக ஓடியது. சரி, ஓடட்டும், அந்த மூலைக்குப் போவதற்குள் நிறுத்திவிடலாம் என்று நடந்தேன். நடந்தேன், ஓடவில்லை.

பாதி வழியில் சத்தம் மாறியது. புல்லை வெட்டுகிறபோது பிளேடு உறுமும். அந்த உறுமல் போய், ‘ங்ஙீ’ என்று காற்றை அறுக்கிற சத்தம் வந்தது. அவள் அலறல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. வேம்பு இரண்டும் நிற்கின்றன, வண்டியைக் காணோம். வண்டியின் பின்சக்கரங்கள் மட்டும் தரைமட்டத்துக்கு மேலே தெரிந்தன.

ஓடினேன். முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

எட்டு பத்தடி அகலத்துக்கு மண் உள்வாங்கியிருந்தது. வண்டி மூக்குக் குப்புறச் சரிந்து கிடந்தது. வயிற்றுத் தகரம் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தது. அதற்குள் இரண்டு பிளேடும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் அதற்குச் சற்று மேலே, பக்கச் சரிவில், வேம்பின் வேர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். மண் உதிர உதிர அவள் கால்கள் பிளேடுப் பக்கம் சறுக்கின. சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

சாவியும் மஞ்சள் குமிழும் ஸ்டீயரிங் பக்கம் இருந்தன. எனக்கு எட்டாது. வண்டி சரிந்ததில் சீட்டு மல்லாக்கத் திறந்துகொண்டு, நான் சுற்றிய கறுப்பு டேப் என் முகத்துக்கு நேராக ஆடியது. குப்புறப் படுத்து, கையை நீட்டி, அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒயர் அறுந்தது. கிளட்ச் ‘டக்’ என்று விட்டது. நான் அளந்து வைத்த பிரேக் பிடித்தது. நான்கு வினாடி. அந்த நான்கு வினாடிக்குள்தான் அவள் வலது கால் சறுக்கித் தகரத்துக்குள் போயிற்று.

வாட்ச்மேனும் விளையாட்டு ஆசிரியரும் கயிறோடு ஓடிவந்தார்கள். அவளை மேலே தூக்கியதும் அவள் தலைத்துண்டால் காலைச் சுற்றிக் கட்டினேன். செருப்பின் முன்பாதி இல்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை. பள்ளி வேனில் ஏற்றும்போதுதான் அவள் பேசினாள்.

“அண்ணா, வண்டி நின்னுருச்சுங்களா?”

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் “நின்னுருச்சு சாமி” என்றேன்.

அன்று மத்தியானம் வண்டியை எடுக்க ஜேசிபி வந்தது. இரும்புக் கை மண்ணைத் தோண்டத் தோண்டக் கீழே கருங்கல் சுவர் வந்தது. வட்டமாக. கிணறு. பள்ளி கட்டும்போது இடித்த செங்கல், சிமெண்ட் சாக்கு, தென்னை மட்டை, கோழி எரு என்று அகப்பட்டதையெல்லாம் கொட்டி மூடி, மேலே இரண்டடிச் செம்மண் பரப்பிப் புல் வைத்திருக்கிறார்கள். உள்ளே கிடந்தது இத்தனை வருஷமாக மக்கி, மழைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. மேல்மண் மட்டும் கூரைபோல நின்றிருக்கிறது. ஜேசிபி டிரைவர் ஒரு கல்லை எடுத்து இடுக்கில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. பந்தல்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய நாற்காலிகள் பக்கத்திலேயே அடுக்கடுக்காக நின்றன.

சாயங்காலம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வண்டி வாங்கும்போதே அந்த ஒயர் சேத்துத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்கும் நல்லது.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வெள்ளைக் கட்டுக்குள் மொத்தமாக இருந்தது. நான் அவளுடைய வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

“அம்மிணி, அந்த ஒயரைச் சேத்தவன் நான்தான்.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“தெரியுமுங்ணா. நான்தானே டார்ச்சு புடிச்சேன்.”

அவளே தொடர்ந்து, “அந்தப் பந்தலை வேற பக்கம் மாத்திட்டாங்களா?” என்று கேட்டாள். விழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பது என்று முடிவுசெய்தேன். கிணற்றைப் பற்றியும் எழுதவேண்டும் அல்லவா? அதற்காகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய் அந்த நிலத்தின் பழைய புலப்படத்தைக் கேட்டேன். அலுவலர் மடிப்பு விட்டுப்போன ஒரு தாளை விரித்தார். பள்ளிக்கு விற்கும் முன்னால் அது அண்ணன் தம்பி இரண்டு பேருடைய பூமி. வடக்கு தெற்காக இரண்டு பங்கு. அண்ணன் பங்கின் சனிமூலையில் ஒரு சின்ன வட்டம். அதுதான் நம் கிணறு. எங்கள் பக்கம் கிணற்றை அந்த மூலையில்தான் வெட்டுவார்கள்.

தம்பி பங்கிலும் சனிமூலையில் ஒரு வட்டம் இருந்தது.

தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பள்ளி வாசல், ரோடு, விடுதி என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பொருத்திப் பார்த்தேன். அலுவலரிடம் அளவுகோல் வாங்கி தாளில் வேலி வருகிற எல்லைக்கோட்டிலிருந்து அளந்தேன். எப்படி அளந்தாலும் இரண்டாவது வட்டம் ஒரே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்குப் பாதி. மூன்று வேளையும் முந்நூறு பிள்ளைகள் உட்காருகிற இடம்.

நேரே பள்ளிக்குப் போய்க் கூடத்தைச் சுற்றி நடந்தேன். கிழக்குச் சுவரோரம் தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூல் விரிசல். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவந்து, சுவரோரத்தில் நின்று, கண்முன்னாலேயே மண்ணுக்குள் இறங்கியது. தேங்கவில்லை. இந்தத் தடவை நான் அங்கேயே நின்றேன்.

நான் எழுதியதையும் புலப்பட நகலையும் மேனேஜரிடம் கொடுக்காமல் தாளாளர் மேஜையில் நேராகக் கொண்டுபோய் வைத்தேன். முதல் தாளில் ஒயரைச் சேர்த்தது நான் என்று இருந்தது, யார் சொல்லி என்பதும் இருந்தது. அவர் அதை வேகமாகப் படித்தார். இரண்டாவது தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூடம் தூண் போட்டுக் கட்டுனதுங்க. தூணு கெட்டியா நிக்கும்” என்றார்.

“தூண் எது மேல நிக்குதுங்க?”

மறுநாள் காலையில் கிழக்குப் பாதி மேஜைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். குறுக்கே கயிறு கட்டினார்கள். பிள்ளைகள் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சேலத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து மண்ணைத் துளைத்துப் பார்த்துவிட்டு, கட்டடத்தை இடிக்கவேண்டுமா காப்பாற்றலாமா என்று பார்த்துச் சொல்ல மாதக்கணக்கில் ஆகும் என்றார். அதுவரைக்கும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டில் ஒட்டிவைத்தார். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் கட்டடத்தையே காலி செய்யவேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பராமரிப்பு வேலையை ஒரு காண்ட்ராக்ட் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி என்னை நிற்கச் சொன்னார்கள். எதிர்பார்த்ததுதான். இப்போது பரமத்திப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவன மெஷின் பார்க்கிறேன். மேனேஜர் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். புல்வண்டியை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அவள் தை மாதம் மறுபடி வேலைக்குப் போனாள். ஓடியாட முடியாததால் உட்கார்ந்து செய்கிற வேலையாகச் சமையல்கட்டில் காய் நறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சமையல்கட்டு அந்தக் கூடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. வேண்டாம் அம்மிணி, வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“யாராச்சும் ஒருத்தர் அங்க காலை வெச்சுக்கிட்டு இருக்கோணுமில்லீங்ணா” என்றாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவள் எனக்குப் போன் செய்வாள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோலச் சத்தமாக, நான் பேசுவதற்கு இடமே கொடுக்காமல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இன்றைக்குக் காலையிலும் கூப்பிட்டாள். ராத்திரி பனமரத்துப்பட்டி தொடங்கி எங்கள் பக்கம் வரைக்கும் நல்ல மழை.

“கண்ணாடி உடையலீங்ணா” என்றாள். வழக்கமாக அத்தோடு வைத்துவிடுகிறவள், இன்றைக்கு வைக்கவில்லை. “ஆனா தரை நேத்து மாதிரி இல்லீங்ணா. காலுக்கு வேற மாதிரி இருக்குது. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்ணா.”

பண்ணையில் சொல்லிவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டேன்.